சல்லடையில் நின்ற கல்

"…வெள்ளைத் துணியில வடிகட்டுங்கன்னு சொல்லுதுங்க அந்த டாக்டரம்மா! ஏனுங்க, நானென்ன காபியா போடறேன், துணியில வடிகட்ட? நீங்களே சொல்லுங்க. துணியப் புடிக்க ஒரு கை, வேட்டியப் புடிக்க ஒரு கை, எதுக்கால யாராச்சும் வாராங்களான்னு பாக்க ரெண்டு கண்ணு… ஒன்னுக்குப் போறப்ப ஒரு மனுசன் எத்தன வேலையத்தாங்க பாக்கறது?"

பழனிமுத்து இப்படி ஆரம்பித்தபோது செம்மேட்டிலிருந்து கிளம்பிய பஸ் இன்னும் மலை இறங்கவே தொடங்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் அவரை ஒன்றும் கேட்டிருக்கவும் இல்லை. கேட்கிற நிலையிலும் அவர் இல்லை. நாற்பது வயதிருக்கும். மோவாயிலிருந்து உச்சந்தலை வரைக்கும் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். வலது கன்னம் பலாச்சுளையை ஒதுக்கி வைத்தது மாதிரி உப்பியிருந்தது. மடியில் திறக்காத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். ஜன்னலோரமாக ஒண்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார்.

பழனிமுத்துவுக்கு அதெல்லாம் பெரிய விஷயமில்லை. அவருக்கு வேண்டியது ஒரு காது. அந்தத் துணி காதை மூடவில்லை.

"பல்லு வலிங்களா? இல்லையா? சரி உடுங்க. நான் எங்க உட்டேன்… ஆங், கல்லு. எடது கிட்னிக்குக் கீழ ஒரு குழாய் போகுதாமுங்க, அதுல வந்து குந்திக்கிச்சு. நாலு மில்லின்னு ஸ்கேன்ல போட்டுருக்குது. நாலு மில்லி! அதுக்கு வந்த வலியப் பாக்கணுமே. ஊட்டுக்குள்ள உருண்டேன், வாசல்ல உருண்டேன், கோழியெல்லாம் மெரண்டு கூரைமேல ஏறிக்கிச்சு. டாக்டரம்மா சொல்லிருச்சு: 'ஒன்பது நாள் பாப்போம். நெறையாத் தண்ணி குடிங்க, தானா விழுந்தா டப்பியில போட்டு எடுத்துட்டு வாங்க. விழலைன்னா பத்தாம் நாள் வந்து படுத்துருங்க, குழாய உட்டு எடுத்துரலாம்.' இன்னிக்குத்தானுங்க பத்தாம் நாளு. குழாய எது வழியா உடுவாங்கன்னு தெரியுங்களா? வேண்டாம், நீங்க டிபன் சாப்புட்டுருப்பீங்க."

சட்டைப் பையைத் தட்டிக்கொண்டார். உள்ளே கட்டை விரல் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பி.

"ஆனா நான் படுக்கப் போறதில்லீங்க. விழுந்துருச்சு! நேத்துக் காலையில. இதோ, இதுக்குள்ளதான் இருக்குது. கொண்டுபோயி டாக்டரம்மா மேசைமேல 'டொக்'குன்னு வெச்சுட்டு, அடுத்த பஸ்ஸப் புடிச்சு மேல வந்துருவேன். குழாய வேற எவனுக்காச்சும் உட்டுக்கங்கன்னு சொல்லீருவேன்."

கண்டக்டர் முருகானந்தம் டிக்கெட் கிழிக்க வந்தார். இந்தத் தடத்தில் எட்டு வருஷமாக ஏறி இறங்குகிறவர், மலையில் பாதிப் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "என்னண்ணே, இன்னிக்கு ஆபரேசனா? அக்கா பஸ் ஸ்டாண்டுல வந்து என்கிட்டச் சொல்லிட்டுப் போச்சு, மனுசன் பாதியில எறங்கி ஓடிறாமப் பாத்துக்கங்கன்னு."

"ஆபரேசனும் இல்ல, ஒன்னும் இல்ல. நீங்க டிக்கெட்டக் குடுங்க" என்றார் பழனிமுத்து. கண்டக்டர் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தினார். "பாத்தீங்களா? இதாங்க இருசாயி. என்ற பொண்டாட்டி. கட்டுன புருசன நம்பாது, கண்டக்டர நம்பும். இந்தக் கல்லு வந்ததே அதுனாலதானுங்க. சாமை அரிசில கல்லுப் பொறுக்காமப் பொங்கிப் போட்டா? முப்பது வருசமாத் தின்ன கல்லெல்லாம் எங்க போகும்? கிட்னிக்குத்தான் போகும். டாக்டரம்மாகிட்ட இதச் சொன்னனுங்க, அது சிரிக்குது. 'தின்ன கல்லு வேற வழியாப் போயிரும் ஐயா. இது தண்ணி குடிக்காததுனால ஒடம்புக்குள்ளயே உப்புக் கட்டி வந்த கல்லு. தெனமும் எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?'ன்னு கேக்குது."

பஸ் முதல் வளைவில் திரும்பியது. 70 என்று எழுதிய பலகை ஜன்னலைக் கடந்து போனது. இனி எழுபதும் இறங்கி, அடிவாரத்துக் காரவள்ளியில்தான் பஸ் நிற்கும்.

"எவ்வளவு குடிப்பேன்? மொளகுக்காரன் எங்கீங்க தண்ணி குடிக்கறது? சில்வர் ஓக்கு மரம் நாப்பதடி. அதுல கொடி உச்சி வரைக்கும் போயிருக்குது. ஒத்தை மூங்கில்ல ஏணி. காலையில தண்ணியக் குடிச்சுட்டு ஏறுனன்னு வைங்க, பாதிக் கொத்துப் பறிக்கறதுக்குள்ள வந்துரும். எறங்கணும். போகணும். மறுக்கா ஏறணும். அவசரத்துக்கு மேல இருந்தே போயிரலாம்னா, கீழ இருசாயி கூடைய வெச்சுக்கிட்டு நிக்குது! அதனால மரம் ஏறுற நாள்ல நான் தண்ணியத் தொடறதில்லீங்க. மத்த நாள்ல அந்தப் பழக்கத்துல மறந்துரும். இன்னிக்கும் தொடலை. எழுவது கொண்டையூசி பெண்டுலயும் ஒரு எடத்துல நிறுத்துவானா இவன்? மாட்டான்."

பக்கத்து சீட்டுக்காரர் மெல்லத் திரும்பி, மடியிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் நகர்த்திக் காட்டினார்.

"வேண்டாமுங்க, நீங்க வெச்சுக்கங்க. அதான் கல்லு விழுந்துருச்சே, இனிமே தண்ணி எதுக்கு? கேளுங்க. துணியில வடிகட்டச் சொன்னாங்கல்ல… இருசாயி பழைய வேட்டியக் கிழிச்சு நாலு துண்டு போட்டு வெச்சுது. நான் சொல்லீட்டேன், இந்தா பாரு, நான் முப்பது வருசமாச் சல்லடை புடிக்கறவன், எனக்குத் துணி வேண்டாம்னு. எங்க ஊட்டுல மொளகு தரம் பிரிக்கிற சல்லடை இருக்குது. அஞ்சு மில்லிக் கண்ணு. பருமொளகு மேல நிக்கும், பொடிமொளகு கீழ போயிரும். நிக்கிறதுக்குத்தானுங்க சல்லடை! மொளகே நிக்குது, கல்லு நிக்காதா? எட்டு நாள் புடிச்சேன். ஒன்னுமில்ல. மச்சான் அர்த்தனாரி வேற தெனமும் வந்து, 'என்ன மாமா, சலிச்சாச்சா? என்ன தரம் நின்னுச்சு?'ன்னு கேட்டுட்டுப் போறான்."

மச்சான் பேச்சு வந்ததும் பழனிமுத்துவின் குரல் ஒரு படி ஏறியது.

"அவனச் சொல்லணுமுங்க. அவனுக்குப் பித்தப்பையில கல்லு. பதினாலு! வயித்துல நாலு ஓட்டை போட்டு, பையோட உருவி எடுத்து, கல்ல பாட்டில்ல போட்டு அவங்கிட்டயே குடுத்துட்டாங்க. அத என்ன பண்ணுனாங்கறீங்க? டிவி பக்கத்துல வெச்சுருக்கறான்! யாரு அவன் ஊட்டுக்குப் போனாலும் தண்ணி குடுக்கறதுக்கு முந்தி பாட்டில எடுத்துக் குலுக்கிக் காட்டறான். கலகல கலகலன்னு. பச்சையும் பழுப்புமா, பாத்தா நாத்தமடிக்கிற மாதிரி இருக்கும், ஆனா அவன் மொகத்துல அப்படியொரு பவுசு. மாட்டுக்குப் பித்தப்பையில கல்லு வந்தா கோரோசனைன்னு நாட்டுமருந்துக் கடையில வெல கொடுத்து வாங்கறாங்க. இவன் கல்ல எவன் வாங்குவான்? மாட்டுக்கிருக்கற மரியாதை இவனுக்கில்ல. இதச் சொன்னதுக்கு ஒரு மாசம் என்னோட பேசலீங்க."

அறுபத்தொன்று. அறுபது. பஸ் ஒடித்து ஒடித்து இறங்கியது. முன் சீட்டில் ஒருவர் வாந்திக்குப் பயந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கல்லுக்கு எடமா இல்லீங்க? எங்க ஊருக் கருப்பண்ணனுக்கு மூத்திரப்பையில. பலாக்கொட்டை அளவு! நிக்க முடியல, குந்த முடியல. என்ற அக்கா மவ விஜயாவுக்குத் தொண்டையில, அண்ணாக்குப் பக்கத்துல. இருமுனா குருணை மாதிரி வந்து விழும், அது ஒரு நாத்தம். வயித்துக்குப் பின்னால கணையம்னு ஒன்னு இருக்குதாமுங்க, அதுலயுங்கூட வருமாம். எனக்கு அப்படியொன்னு இருக்கறதே அம்பத்தெட்டு வயசுல போன வாரந்தான் தெரியும். ஒடம்புல கொஞ்சம் எடம் காலியாக் கெடந்தாப் போதும், கல்லு வந்து குடியேறிக்குது… ஏனுங்க, மொகமெல்லாம் வேர்க்குது உங்களுக்கு? தலை சுத்துதா? பெண்டுங்க, பெண்டு. இருங்க."

வேட்டி மடிப்பிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பல்லால் கடித்து, பாதியை நீட்டினார். அந்த மனிதர் பதறிப்போய் இரண்டு கையாலும் வேண்டாம் என்றார். தலையையும் ஆட்டினார். மலைப் பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை வேண்டாம் என்பது மரியாதைக்காகத்தான் என்று பழனிமுத்துவுக்குத் தெரியாதா என்ன? உப்பாத பக்கமாகப் பார்த்து, உதட்டுக்குள் செருகியே விட்டார்.

"சப்புங்க. கூச்சப்படாதீங்க. ம்… நல்லா."

அந்த மனிதர் சப்பினார். உடனே இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் ஓடியது. ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்து நெரித்தார். காலால் பஸ்ஸின் தரையை உதைத்தார்.

பழனிமுத்துவுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. முப்பது வருஷத்தில் இருசாயி ஒரு தடவைகூட அவர் கதையைக் கேட்டு அழுததில்லை.

"அழுவாதீங்க சாமி. அதான் விழுந்துருச்சுல்ல? உங்களாட்டம் ஒரு மனுசன் எங்கூட்டுல இருந்திருந்தா எனக்குக் கல்லே வந்திருக்காதுங்க. கேளுங்க, சந்தோசமான எடம் இனிமேதான் வருது. ஒன்பதாம் நாள். காலையில சல்லடையப் புடிக்கறேன். வெளிச்சத்துல தூக்கிப் பாக்கறேன். ஓரத்துல, கம்பியோட கம்பியா… வெள்ளையா ஒன்னு! உருண்டையா! அது தானா வரலீங்க, கண்ணுல சிக்கிக் கெடக்குது. நகத்தால நெம்பித்தான் எடுத்தேன். தண்ணியில அலசுனா, வழவழன்னு முத்தாட்டம் இருக்குது. அர்த்தனாரி வெச்சுருக்கறானே பதினாலு, அதுல ஒன்னுகூட இந்த லச்சணம் இல்லீங்க. அவனுக்கு அறுத்து எடுத்தது. என்றது தானா வந்தது… ஆவ்!"

திடீரென்று இடது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு வளைந்தார். நாலைந்து மூச்சு விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஒன்னுமில்லீங்க. கல்லு இருந்த எடம். காலி பண்ணிட்டுப் போன ஊடாட்டம், கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும். நீங்க கல்லப் பாருங்க."

முப்பத்திரண்டாவது வளைவு வந்துகொண்டிருந்தது. பழனிமுத்து டப்பியைத் திறந்து, உள்ளங்கையில் கவிழ்த்துக் காட்டினார். அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். இன்னும் கிட்டத்தில் பார்த்தார். பிறகு பழனிமுத்துவின் முகத்தைப் பார்த்தார். தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டினார்.

"நம்ப முடியலீங்கல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. இருசாயி இதே மாதிரிதான் தலைய ஆட்டுச்சு. நல்லா மோந்து பாரு மாமான்னு வேற சொல்லுச்சு. கல்லப் போயி எவனாச்சும் மோந்து…"

பஸ் ஒடித்தது. கை ஆடியது. கல் குதித்துத் தரையில் விழுந்து, சீட்டுகளுக்கு அடியில் ஓடி மறைந்தது.

"ஐயோ! என்ற கல்லு! எல்லாரும் காலத் தூக்குங்க! ஒருத்தரும் கீழ வெக்கக் கூடாது! ஏனுங்க அம்மா, கூடைய நகத்தாதீங்க! டிரைவரே, மெதுவா! என்ற கிட்னியில இருந்து வந்த கல்லுங்க அது!"

கிட்னி என்றதும் பஸ் முழுக்கக் காலைத் தூக்கிக்கொண்டது. காலூன்றாமல் அடுத்த வளைவு வந்ததும் இந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அதற்கடுத்ததில் அந்தப் பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். சீட்டில் இருந்தவர்கள் தூக்கிவிட்டார்கள். நடுவில் நின்றிருந்த முருகானந்தம் எங்கே தூக்குவார்? ஒரு காலைத் தூக்கினார். தாங்க முடியாமல் வைத்தார்.

நொறுக்கென்று ஒரு சத்தம்.

முருகானந்தம் செருப்பைத் தூக்கிப் பார்த்தார். "அண்ணே… கல்லு நசுங்குமாண்ணே?"

பழனிமுத்து தரையில் முழங்காலிட்டுப் போனார். விரலை எச்சில் தொட்டு, வெள்ளைத் தூளை ஒற்றி ஒற்றி உள்ளங்கையில் சேர்த்தார். பாதியில் அவர் விரல் நின்றது. மூக்கு மட்டும் ஒரு தடவை விடைத்தது.

அந்த மூக்கு, கண்ணைக் கட்டிவிட்டாலும் இந்த மலையிலேயே எடப்புளி நாட்டு மிளகு இது, வளப்பூர் நாட்டு மிளகு இது என்று சொல்கிற மூக்கு. வியாபாரிகள்கூட அதற்குப் பயப்படுவார்கள். பழனிமுத்து எழுந்து, சீட்டுக்கு வந்து, உட்கார்ந்தார். எட்டு வளைவு போகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. பஸ் ஏறியதிலிருந்து முதல் தடவையாகப் பக்கத்து சீட்டுக்காரர் கவலையோடு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க" என்றார் கடைசியில், கிசுகிசுப்பாக. "உங்களத் தவிர யாரையும் கேக்க முடியாது. இத மோந்து சொல்லுங்க. மொளகு வாசம் வருதுங்களா? வருதுன்னா சொல்லாதீங்க. வரலைன்னா மட்டும் சொல்லுங்க… போன மாசிப் பட்டத்து மொளகு ஒன்னு சல்லடைக் கண்ணுல சிக்கியிருந்து, எட்டு நாளு நான் ஊத்துன ஊத்துல ஊறி, கறுப்புத் தோலு உரிஞ்சு… அப்படியெல்லாம் ஆகாதுங்கல்ல? நான் முப்பது வருசமா வெள்ளை மொளகு போடறவன். எனக்குத் தெரியாமப் போகுமுங்களா? மோந்து பாருங்க. நல்லா மூச்ச இழுத்து."

உள்ளங்கையை அந்த மனிதரின் மூக்குக்கு அடியில் கொண்டுபோனார். அவர் நல்ல மனிதர். நல்லா மூச்சை இழுத்தார்.

முதல் தும்மலில் ஜன்னல் அதிர்ந்தது. இரண்டாவதில் தலையைச் சுற்றியிருந்த துணி அவிழ்ந்து தோளில் விழுந்தது. மூன்றாவதில், எலுமிச்சம்பழத்தால் ஊறி ஊறி நிறைந்திருந்த எச்சிலெல்லாம் ஒருசேர வெளியே வந்தது. அதோடு கூட ஏதோ ஒன்று வந்து, பழனிமுத்துவின் உள்ளங்கையில், மிளகுத்தூளுக்கு நடுவே விழுந்தது. மஞ்சளாக, முரடாக, தினையைவிடப் பெரிதாக.

"பல்லு விழுந்துருச்சுங்க!" என்று கத்தினார் பழனிமுத்து.

அந்த மனிதர் இல்லையென்று கையை அசைத்தார். வாயை அகலமாகத் திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்தார். முகமெல்லாம் சிரிப்பாக, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"என்னங்க இது, உங்களுக்கும் ஸ்கேன் சீட்டு? கண்ணாடி இல்லாம… உமிழ்நீர்… சுரப்பிக் குழாயில்… கல்! கன்னத்துக்குள்ளயா? எச்சில் வாரதுக்கு ஒரு குழாய், அந்தக் குழாயிலயும் கல்லா! அடச்சாமி! அதான் இத்தன நேரமா வாயத் தொறக்கலையா நீங்க? நான் என்ற பேச்சுல சொக்கிப் போயிட்டீங்கன்னு நெனச்சனே! புளிப்பு பட்டா உசுரு போயிருக்குமேங்க! ஒரு வார்த்த சொல்லியிருந்தா… ஆமா, எங்க சொல்றது."

பேசிக்கொண்டே வந்தவர் உள்ளங்கையைப் பார்த்தார். ஏழு என்ற பலகை போனது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிக் கல்லை மூடிக்கொண்டன.

"ஏனுங்க தம்பி… இத வெச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க? உங்களுக்குத்தான் சரியாப் போச்சே. அந்த டாக்டரம்மாவுக்கு வேண்டியது ஒரு கல்லு. வாயில வந்தாலும் கல்லு, கிட்னியில வந்தாலும் கல்லு. அதுமேல பேரா எழுதியிருக்குது? நாலு மில்லி இருக்குமுங்க, எனக்குக் கண்ணளவு தப்பாது… தப்பாதுன்னு வெச்சுக்கங்களேன். நான் ரெண்டு கொடம் தேன் அனுப்பி வெக்கறேன். பலாப்பழ நேரத்துல வந்துருங்க, ஒரு மரத்த உங்க பேருக்கே உட்டுடறேன். அந்தக் குழாய மட்டும் யோசிச்சுப் பாருங்க சாமி…"

அந்த மனிதர் பழனிமுத்துவின் விரல்களை, சின்ன விரலில் தொடங்கி ஒவ்வொன்றாக, மெதுவாகப் பிரித்தார். கல்லை எடுத்து அந்த ஸ்கேன் சீட்டில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பழனிமுத்து முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். காரவள்ளியில் யாரோ முழங்காலை இடித்துக்கொண்டு இறங்கியபோதும் திருப்பவில்லை. பஸ் கிளம்பியபோது திரும்பிப் பார்த்தால், ஜன்னலோரம் காலி. எதிர்ப்பக்கம் மேலே போகிற பஸ்ஸில் அவர் ஏறிக்கொண்டிருந்தார். யாரிடமோ வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஏறினார்.

சீட்டில் அந்தத் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதன்மேல், நாலாக மடித்த வெள்ளைத் துணி.

"பாத்தீங்களா முருகானந்தம்!" என்றார் பழனிமுத்து. கண்டக்டர் அப்போதுதான் காலாற வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், அவர் கெட்ட நேரம். "எழுவது பெண்டு கூட வந்த மனுசன், ஒரு வார்த்த பேசாமப் போயிட்டான்! தண்ணியாம், துணியாம்! எல்லாரும் எனக்குப் புத்தி சொல்றாங்க. அஞ்சு மில்லிக் கண்ணுல நாலு மில்லிக் கல்லு நிக்காதாம். நிக்காது. எனக்குத் தெரியாதா? இருசாயி அன்னிக்கே சொல்லுச்சு. அதுக்காக அது சொன்னதக் கேட்டுற முடியுமா… ஆவ்! ஐயோ! கல்லு காலி பண்ணலீங்க! உள்ளதான் இருக்குது! இப்ப இன்னுங் கீழ எறங்கி வருது!"

பாட்டிலைத் திறந்தார். மடக்கு மடக்கென்று பாதி. திட்டிக்கொண்டே மீதி. காலி பாட்டிலை முருகானந்தத்தின் கையில் கொடுத்துவிட்டு, விலாவைப் பிடித்துக்கொண்டு, அர்த்தனாரியின் பதினாலு கல்லையும் மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். பதினோராவது கல்லில் எழுந்து நின்றுவிட்டார்.

"நிறுத்தச் சொல்லுங்க. இப்பவே. ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்காது."

முருகானந்தம் விசில் அடித்தார். ரோட்டோரம் ஒரு புளியமரம். பழனிமுத்து இறங்கி ஓடினார். நாலு எட்டு வைத்தவர் திரும்பி வந்து, சீட்டிலிருந்த வெள்ளைத் துணியை யாரும் பார்க்காத மாதிரி எடுத்துக்கொண்டு ஓடினார். பஸ்ஸே பார்த்தது.

டிரைவர் இன்ஜினை அணைத்தார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கல்லுக்காகக் காலைத் தூக்கிய ஜனம் அல்லவா, அதற்கு முடிவு தெரியாமல் ஊர் போய்ச் சேர மனசில்லை. மரத்துக்குப் பின்னாலிருந்து வேட்டி நுனி மட்டும் தெரிந்தது. ஒரு முனகல் வந்தது. பிறகு, 'ஐயையோ' என்று ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை.

"அண்ணே?" என்று கூப்பிட்டார் முருகானந்தம்.

கொஞ்ச நேரம் கழித்து மரத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. பழைய பவுசு முழுதும் அதில் திரும்பி வந்திருந்தது.

"ஏனுங்க கண்டக்டரே! இருசாயி கேட்டா, சல்லடையிலதான் நின்னுச்சுன்னு சொல்லுங்க!"